சுனையருள் கம்பெனியின் முதலாளி

ஆடிக் கிருத்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. திருத்தணி மலைக்கு வந்த கூட்டத்தில் பாதி, வழி மாறி அரக்கோணம் சாலையில் இருக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அங்கே கல்யாணம் இல்லை. தண்ணீர் இருந்தது.

சாதாரணத் தண்ணீரா? ‘சுனையருள்’. துளசி, ஏலக்காய், பச்சைக் கற்பூரம், மஞ்சள் எல்லாம் கலந்த வாசனைத் தண்ணீர். பாட்டில் மேல் வேல், வேலுக்குக் கீழே மயில், மயிலுக்குக் கீழே காலாவதித் தேதி. கடவுள் கொடுத்த தண்ணீருக்கு எதற்குக் காலாவதித் தேதி என்று மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ருசி எப்படி என்றால், தீர்த்தத்தையும் இருமல் மருந்தையும் ஒரே கரண்டியில் ஊற்றினது போல இருக்கும். குடித்தவர்கள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பக்கத்து ஆள் பார்க்கிறான் என்று தெரிந்ததும், சுளித்த முகத்தை அப்படியே பக்தியாக மாற்றிக்கொண்டார்கள்.

மேடையில் காவிச் சால்வையோடு சுனைச்சித்தர். கம்பெனி பிறந்த கதையை அவர் வாயாலேயே கேட்க வேண்டும்.

“நான் தூங்கிகினு கீறேன். கனவுல ஒரு புள்ள வருது. கையில வேலு. ‘மலைக்குப் பின்னால ஒரு சுனை கீது, யார் கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தண்ணிய எடுத்து, ஏலக்கா தட்டிப் போட்டு, பாட்டில்ல அடைச்சு ஜனங்களுக்குக் குடு’ன்னு சொல்லுது.”

ஏலக்காயைத் தட்டிப் போடுவதா, முழுசாகப் போடுவதா என்பது வரைக்கும் முருகன் விவரமாகச் சொல்லியிருக்கிறார். பில் போடுவது பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை போலிருக்கிறது. பில் கிடையாது.

கனவுக்கு முந்தைய சரித்திரமும் உண்டு. சித்தர் அப்போது வெறும் ஜெகநாதன். அரக்கோணம் ஜங்ஷன் பக்கத்தில் ‘ஜெகா சோடா’ போட்டார். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவன் ருசி பார்க்க மாட்டான் என்ற ஒரே நம்பிக்கையில் நடந்த வியாபாரம் அது. ஒருநாள் ரயில் தாமதமாக வந்தது. ஜனங்கள் நிதானமாகக் குடித்தார்கள். கடை மூடப்பட்டது. அடுத்தது கே.ஜி.கண்டிகையில் ‘ஜெகா கூல்’, கேன் தண்ணீர். டீக்கடைக்காரர்கள் பால் திரிகிறது என்று கேனை உருட்டித் திருப்பி அனுப்பினார்கள். அந்தச் சமயத்தில் கம்பெனி ஜெகநாதன் பேரிலிருந்து அவர் மனைவி ஷோபனா பேருக்கு மாறியது. கடன்காரர்கள் வந்தால், “கம்பெனி என்னுது இல்லீங்களே” என்று இவர் கையை விரிக்க வசதியாக இருந்தது. வந்தவர்கள் நேராக ஷோபனாவைக் கேட்டார்கள். அதற்குப் பிறகு ஜெகநாதன் எந்தக் காகிதத்தை நீட்டினாலும் ஷோபனா கரண்டியை நீட்டினாள்.

ஆகவே கம்பெனிக்கு ஒரு புது முதலாளி தேவைப்பட்டார். கடன்காரன் தேடிப் போக முடியாத முதலாளி.

“நான் வெறும் கணக்குப்பிள்ளைங்க. முதலாளி முருகன்” என்பார் ஜெகநாதன், இரண்டு கையையும் மலைப் பக்கம் தூக்கி. பங்குக் கணக்கும் கறாராக இருந்தது. முருகனுக்குப் பாதி. வள்ளிக்குக் கால். தெய்வானைக்குக் கால். குடும்பத்தில் சண்டை வரக்கூடாது பாருங்கள். பாதியும் காலும் காலும் சேர்ந்தால் முழுசாயிற்றே, மிச்சம் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த மிச்சத்துக்குத்தான் ‘மயில் பங்கு’ என்று பேர். ஜெகநாதன் விற்றுக்கொண்டிருந்தது அதைத்தான்.

மயில் பங்கு வாங்கினவருக்கு அவர் ஊரில் சுனையருள் ஏஜென்சி. ஆனால் காசு மட்டும் போதாது, முதலாளி சம்மதிக்க வேண்டும். அதற்கு ஒரு சோதனை. வந்தவரிடம் ஜெகநாதன் அன்பாக, “இன்னா தொழில் பண்றீங்க?” என்று விசாரிப்பார். பிறகு கண்ணை மூடி, “கிண்ணம்” என்பார். பின்னால் நிற்கும் அவருடைய மச்சான், வாயே திறக்காத ஆள், ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தை எடுத்து வைப்பான். கிண்ணங்கள் அவனுக்கு வலப்பக்கம் ஒரு வரிசை, இடப்பக்கம் ஒரு வரிசை. கிண்ணத்தில் மஞ்சளான சுனையருளை ஊற்றினதும் அது ரத்தமாகச் சிவந்தால் சம்மதம். மஞ்சளாகவே நின்றால் ஆளிடம் பாவம் இருக்கிறது என்று அர்த்தம்.

முருகனுக்கு மனிதர்களைப் பற்றி நல்ல வியாபார ஞானம் இருந்தது. நிலம் உள்ளவர்களுக்குச் சிவந்தது. தறி உள்ளவர்களுக்குச் சிவந்தது. கனகம்மாசத்திரத்திலிருந்து வந்த கூலிக்காரர் பெருமாளுக்கு மட்டும் ஊற்ற ஊற்ற மஞ்சள்.

“உன்கிட்ட ஏதோ பாவம் கீதுப்பா. ஒரு பெட்டி வாங்கிக் குடி, கரையும்.”

பெருமாள் கடன் வாங்கிப் பெட்டியை எடுத்துப் போனார். குடித்தார். திரும்பி வந்தார். மறுபடி மஞ்சள். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு, தான் செய்த பாவம் எது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பாவம், எவ்வளவு யோசித்தும் ஒன்றும் அகப்படவில்லை.

பொதட்டூர்பேட்டைப் பரந்தாமனுக்கு முதல் ஊற்றிலேயே சிவந்துவிட்டது. இரண்டு விசைத்தறி வைத்திருப்பவருக்குச் சிவக்காமல் இருக்குமா? குடித்த கிண்ணத்தையும் பிரசாதமாகக் கொடுத்து அனுப்பினார்கள். தறிகளை விற்று, அடுத்த நாளே பணம் கட்டிப் பங்கு எடுப்பதாகச் சொல்லிவிட்டு வந்தார். பழைய தறி வாங்குகிற ஆளுக்குப் போன் போட்டு லாரிக்கும் சொல்லியாயிற்று.

வீட்டில் அவர் மனைவி பத்மா, தங்கை தேவிப்பிரியாவை வரவழைத்திருந்தாள். தேவிப்பிரியா திருத்தணியில் மலையடிவாரத்தில் பூஜைச் சாமான் கடை வைத்திருப்பவள். கற்பூரத்தை முகர்ந்து பார்த்தே எந்த ஊர்ச் சரக்கு என்று சொல்வாள். மொத்த வியாபாரி சத்தியம் செய்ய ஆரம்பித்தால் உடனே விலையைக் குறைத்துக் கேட்பாள்.

“உங்க பாவா தறிய வித்துட்டுத் தண்ணி விக்கப் போறாராம். நீயே கேளு” என்றாள் பத்மா. “நாளைக்கு லாரி வந்துச்சுன்னா அப்புறம் சோத்துக்கு நான் எங்க போவேன்?”

“இன்னா பாவா, தறி உன்ன இன்னா பண்ணுச்சு?” என்றாள் தேவிப்பிரியா, அக்கா புருஷனிடம்.

“தறி ஒண்ணும் பண்ல. முருகன் கூப்புடுறாரு தேவி. போவாம இருக்க முடியுமா?”

“கம்பெனி யார் பேர்ல கீது?”

“முருகன் பேர்லதான்.”

“சரக்கு கெட்டுப்போனா ரிட்டன் யாரு எடுப்பா?”

“முருகன் சரக்கு எப்புடி கெடும்?”

“அப்ப எக்ஸ்பைரி தேதி யாருக்குப் போட்டுக்கிறான், உனக்கா?”

பரந்தாமன் கோபித்துக்கொள்ளவில்லை. சிவப்பு வந்தவர்கள் கோபப்பட மாட்டார்கள். கிருத்திகைக்கு மாலை போட்டு, மஞ்சள்தூளில் முக்கிக் கட்டியிருந்த வேட்டியை விரித்துக் காட்டினார். மடியில் வட்டமாக, குங்குமச் சிவப்பில் ஒரு வளையம்.

“கிண்ணத்தக் கவுத்து மடியில வெச்சுகினு பஸ்ல வந்தேன். எறங்கிப் பாத்தா முத்திரை. இதுக்கு இன்னா சொல்ற?”

தேவிப்பிரியா வளையத்தைத் தடவிப் பார்த்தாள். விரலை முகர்ந்தாள்.

“மால போட்டதுக்கப்புறம் வேட்டிக்கு சோப்பு போட்டியா பாவா?”

“வெறும் தண்ணியிலதான் அலசுறேன். ஏன்?”

அவள் அக்கா பக்கம் திரும்பினாள். “என் வளைகாப்புக்கு ஆரத்தி கரைச்சியே, எதுல கரைச்ச?”

“மஞ்சத்தூளு, சுண்ணாம்பு. வேற எதுல கரைப்பாங்க?” என்ற பத்மா, வேட்டியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்த பார்வையில் தறியில் குறுக்கே ஓடும் நாடா போல ஏதோ ஒன்று பறந்தது.

“ஆரத்தி வேற, அருள் வேற” என்றார் பரந்தாமன்.

“சரி பாவா. நாளைக்குப் பணம் கட்டப் போவசொல்ல நானும் வர்றேன். லாரிய மட்டும் சாயங்காலமா வரச் சொல்லு.”

மறுநாள் மண்டபத்தில் நிற்க இடமில்லை. எல்லோரும் மஞ்சள் வேட்டி, மஞ்சள் புடவை. வீட்டில் பிள்ளை பிறந்தால் ஆரத்தி, கல்யாணம் என்றால் ஆரத்தி, கட்சிக்காரர் ஓட்டுக் கேட்டு வந்தாலும் ஆரத்தி. வருஷம் பூராவும் தன் கையாலேயே மஞ்சளைச் சிவப்பாக்குகிற கூட்டம், மேடையில் மஞ்சள் சிவந்ததைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

பரந்தாமன் முறை வந்ததும், முன்னால் போய் நின்றவள் தேவிப்பிரியா.

“எங்க பாவாவுக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு. ஆனா நான் கடக்காரிங்க சாமி. சரக்கப் பாக்காம எடுத்துப் பழக்கமில்ல.”

இரண்டு பங்கு என்றதும் ஜெகநாதனின் முகம் விளக்கு வைத்தது போல ஆயிற்று. “நல்லாப் பாரும்மா.”

அவள் பையிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்தாள். “பாவாவுக்குத்தான் நேத்தே சம்மதம் வந்துடுச்சே. உங்க தண்ணிய இதுல ஊத்துங்க.”

“கிண்ணத்துலதாம்மா ஊத்தணும்.”

“ஏன், முருகனுக்கு எவர்சில்வர் ஆவாதா?”

கூட்டத்தில் நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெகநாதன் ஊற்ற வேண்டியதாயிற்று. மஞ்சள். டம்ளரைக் குலுக்கினாள். மஞ்சள். பரந்தாமன் எட்டிப் பார்த்தார். நேற்று சம்மதித்த முருகன் ராத்திரியோடு ராத்திரியாக மனம் மாறியிருக்க வேண்டும்.

“பெருமாளண்ணே, நீ இங்க வா” என்று வரிசையின் ஓரத்தில் நின்றவரைக் கூப்பிட்டாள். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். “இதுல சுனையும் இல்ல, கனவும் இல்ல. என் கட மஞ்சத்தூளு, முனிசிபாலிட்டிக் கொழாத் தண்ணி.” மச்சானுக்கு வலப்பக்க வரிசையிலிருந்து, அவன் தடுப்பதற்குள், ஒரு கிண்ணத்தை எடுத்துப் பெருமாளின் கையில் கொடுத்து ஊற்றினாள்.

சிவந்தது. நிலக்காரர்களுக்கே வராத அளவுக்குச் சிவப்பு.

பெருமாள் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “அப்ப என் பாவம் இன்னாம்மா ஆச்சு?”

“உனக்கு எங்கண்ணே பாவம்? உன்கிட்ட தறி இல்ல, அவ்ளோதான்.”

கூட்டம் முதல் தடவையாக மேடையை விட்டுவிட்டுக் கிண்ணத்தைப் பார்த்தது. ஜெகநாதன் விட்டுக்கொடுக்கவில்லை. “அருள் கிண்ணத்துல கீது, புரியாம பேசாத.”

“அருள் கிண்ணத்துல இருந்தா, இவ்ளோ நாளா தண்ணிய இன்னாத்துக்கு வித்த?” அடுத்த கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் துழாவி, வெள்ளையாக வந்த விரலைத் தூக்கிக் காட்டினாள். “சுண்ணாம்பு. வெத்தல போடுறவங்க வந்து நக்கிப் பாருங்க.”

ஒரு கிழவர் நிஜமாகவே வந்து நக்கிப் பார்த்தார். “கொஞ்சம் காரம் ஜாஸ்தி” என்றார்.

அதற்குப் பிறகு யாரும் வரிசையில் நிற்கவில்லை. “பணத்துக்கு யாருய்யா பதில் சொல்றது?” என்று நாலா பக்கமும் கேட்டது. ஜெகநாதன் பழக்கதோஷத்தில் இரண்டு கையையும் தூக்கினார். “நான் வெறும் கணக்குப்பிள்ளைங்க. முதலாளி முருகன்.”

“மலை மேல போய் முருகன் கழுத்துல துண்டு போடச் சொல்றியா?” என்றார் பரந்தாமன். அவர் குரல் அவருக்கே புதுசாக இருந்தது.

“மலைக்கு இன்னாத்துக்குப் போறீங்க? தோ நிக்கிறான் பாருங்க என் மச்சான். முருகவேல். மண்டப வாடக, லைசென்சு, பேங்க்கு எல்லாம் அவன் பேர்லதான் கீது. என் பேர்ல ஒரு பாட்டில் மூடி கூட இல்ல. அவனக் கேளுங்க.”

மச்சான் முருகவேல் அன்றுதான் வாயைத் திறந்தான். “இன்னா பாவா, கூல்டிரிங்ஸ் கட வெச்சுத் தரேன்னுதானே கையெழுத்து வாங்குன? என்ன மாட்டி வுட்றியே? யோவ், சுண்ணாம்பு தடவச் சொன்னதே இவருதான்யா.”

ஒரு விஷயத்தில் ஜெகநாதனைக் குறை சொல்ல முடியாது. முதலாளி முருகன் என்று அவர் சொன்னது அப்பட்டமான உண்மை. பேரின் கடைசியில் இருந்த ‘வேல்’ மட்டும்தான் அவர் முழுங்கினது.

போலீஸ் ஜீப் வந்தது. கணக்குப்பிள்ளையும் முதலாளியும் ஒரே பெஞ்சியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனார்கள். பெருமாள் எதிர்க் கடையில் பரோட்டா சொல்லி, பாவமில்லாத மனிதனாகச் சாப்பிட்டார். பரந்தாமன் போனை எடுத்து, “லாரி வேணாம்பா, தறி விக்கல” என்றார். தேவிப்பிரியா பையை மூடும்போது மஞ்சள் வேட்டிக்காரர் ஒருவர் பக்கத்தில் வந்து, மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, அந்தக் கிண்ணம் மட்டும் தனியா இன்னா வெல வரும்?”

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.

அன்று சாயங்காலம், விரதம் கெட்டாலும் பரவாயில்லை, முத்திரை போனால் சரி என்று பத்மா அந்த வேட்டிக்குச் சோப்புப் போட்டாள். முத்திரை போகவில்லை. வேட்டி முழுக்கச் சிவந்தது. தறி ஓடுகிற சத்தத்துக்கு நடுவே பரந்தாமன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பத்து ரூபாய்ச் சோப்புக் கட்டிக்கு இருக்கிற இந்தச் சக்திக்கு நியாயமாக ஒரு மண்டபம் பிடித்து, மாலை போட்டு, பங்கு பிரித்திருக்க வேண்டும். சோப்புக்குக் கனவு காணத் தெரியாததால் நாம் பிழைத்தோம். அடுத்த தடவை எவனாவது கிண்ணத்தை நீட்டினால், கும்பிடக் கையைத் தூக்குவதற்கு முன்னால் அதே கையால் கிண்ணத்தைக் கழுவிவிட்டு ஊற்றச் சொல்லுங்கள். கடவுள் உள்ளே இருந்தால் கழுவினாலும் போக மாட்டார்.