வடாம் உண்டு, குரங்கு இல்லை

அனுப்புநர்: பாலா, மாடி அறை.
பெறுநர்: உயர்திரு நாராயணஸ்வாமி அவர்கள் (ஸ்டோர்ஸ் பிரிவு, ஓய்வு), அதே வீடு, கீழ்த்தளம், லோத்குண்டா.
பொருள்: குரங்கு விரட்டும் ஸ்கீம் கெட்டுப்போனதற்கு யார் காரணம் என்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, பாலா அநேக நமஸ்காரம். நான் மாடியில் சௌக்கியம். கீழே நீங்கள் சௌக்கியமா என்று விசாரிப்பதுதான் முறை. ஆனால் இல்லை என்று தெரிந்தும் கேட்பது அசட்டுத்தனம், அதனால் கேட்கவில்லை. பதினான்கு படி இறங்கி வந்தால் நேரிலேயே சொல்லிவிடலாமே, கடிதம் எதற்கு என்று தோன்றும். முப்பத்தாறு வருஷம் பைல் பார்த்த மனுஷர் நீங்கள், காகிதத்தில் இருந்தால்தான் கடைசி வரி வரைக்கும் படிப்பீர்கள். நேரில் வந்தால் வாயைத் திறப்பதற்குள் "சாப்டியாடா?" என்று கேட்டுவிடுவீர்கள், அப்புறம் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் ஸ்கீமில் தப்பில்லை. கெடுத்தது நான்.

போன மே மாதம் ரிடையர் ஆனதும் நீங்கள் அந்தக் கட்டம் இழுக்கும் மென்பொருளை லேப்டாப்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தபோது நான் சிரித்தது உங்களுக்கும் தெரியும். ஒரு வரி கோட் கிடையாது, படத்துக்கு ஒரு பெட்டி, பெயர் வைக்க ஒரு பெட்டி, கற்றுக்கொடுக்க ஒரு பெட்டி, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மவுஸால் கோடு இழுக்க வேண்டியது, கடைசிப் பெட்டியில் ஒரு பட்டன், அழுத்தினால் மொட்டைமாடியில் கம்பத்தில் கட்டியிருந்த பழைய ஃபோனுக்கு எல்லாம் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பிறகு மிலிட்டரி நிலத்து மரங்களிலிருந்து குரங்கு வந்து குதித்தால் ஃபோன் பார்த்துவிட்டு ஸ்பீக்கரில் உங்கள் குரலிலேயே கத்தும். "இது எல்.கே.ஜி. பிள்ளைங்க விளையாட்டு மாமா" என்றேன். "எனக்கும் இப்பதான்டா எல்.கே.ஜி." என்று சொல்லிவிட்டு நீங்கள் பாட்டுக்கு அடுத்த பெட்டியை இழுத்தீர்கள். அன்றைக்கே எனக்கு எரிச்சல். நான்கு வருஷம் படித்து, மூன்று வருஷமாக இதையே வேலையாகச் செய்கிறவன் வீட்டில் இருக்கிறேன், என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று. இப்படிப்பட்ட அல்பமான காரணம்தான், பெரிதாக வேறொன்றும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை காலை நீங்கள் போவன்பள்ளி மார்க்கெட்டுக்குப் போயிருந்தீர்கள். என் சார்ஜரை ஆபீசில் மறந்துவிட்டு வந்திருந்ததால் கீழே உங்கள் மேஜைக்கு வந்தேன், லேப்டாப் திறந்திருந்தது, பார்த்தேன். நாற்பத்து மூன்று பெட்டி மாமா! நூடுல்ஸைக் கொட்டினமாதிரி கோடுகள். (மன்னிப்புக் கடிதம்தான், இருந்தாலும் சொல்கிறேன், நாற்பத்து மூன்று அதிகம். பதினெட்டில் முடித்திருக்கலாம்.) பக்கத்தில் உங்கள் ரிஜிஸ்தர். ஒவ்வொரு படத்துக்கும் வரிசை எண், தேதி, உங்கள் கையெழுத்தில் குறிப்பு. "வடாம் உண்டு, குரங்கு உண்டு." அது சரி. அடுத்த பக்கத்தில் "வடாம் உண்டு, குரங்கு இல்லை." அதன் கீழே "வடாம் உண்டு, ரமா உண்டு, குரங்கு இல்லை." இப்படியே நூற்று அறுபது படம். வெறும் வடாமை நூற்று அறுபது தரம் படம் எடுத்த ஒரு மனிதரை நினைத்து நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். குப்பை என்று முடிவுகட்டி அந்தப் பெட்டியிலிருந்து போன கோட்டை வெட்டிவிட்டேன். குரங்குப் படமும் காலி மொட்டைமாடிப் படமும் மட்டும் போதும் என்று பட்டனை அழுத்தினேன். நூற்றுக்கு எண்பத்திரண்டாக இருந்த அதன் மார்க் தொண்ணூற்றொன்பதுக்கு ஏறியது. தொண்ணூற்றொன்பது வந்தால் முதலில் சந்தேகப்படு என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். நான் சந்தேகப்படவில்லை, விசிலடித்தேன். ஃபோனுக்கும் அனுப்பிவிட்டு, மாமா அசந்துபோகட்டும் என்று ஒன்றும் சொல்லாமல் மாடிக்கு வந்துவிட்டேன்.

மாமா, குரங்கு வருவதே வடாம் காயும் நாளில்தான். அதனால் குரங்கு இருக்கிற எல்லாப் படத்திலும் வடாமும் இருக்கிறது. நீங்கள் அதைக் கவனித்துத்தான், வடாம் வேறு குரங்கு வேறு என்று அதற்குப் புரியவைக்க, வெயிலில் நின்று அந்த நூற்று அறுபதையும் எடுத்திருக்கிறீர்கள். நான் அதை வெட்டியதும் அந்த மாடல் குரங்கைப் பார்ப்பதையே விட்டுவிட்டு வடாமைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது. வடாமைக் கண்டால் கத்து. அவ்வளவுதான் அது கற்றுக்கொண்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் முழுசாக எழுதினால்தான் என் மனசு ஆறும். மௌலா அலியிலிருந்து மாமியின் அக்கா மாதங்கி மாமி, தன் சம்பந்தியம்மாளையும் அழைத்துக்கொண்டு, சொந்த அச்சோடு வந்து, மூன்று பேருமாக மொட்டைமாடியில் பிளாஸ்டிக் ஷீட் விரித்து முதல் ஈட்டைப் பிழிந்தார்கள். ரமா மாமி நிமிர்ந்து இடுப்பில் கைவைத்தார். ஸ்பீக்கர் உங்கள் குரலில், தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, "ஏய்! மறுபடியும் வந்துட்டியா? வெக்கமா இல்லே உனக்கு? உன் கூட்டத்தையே கூட்டிண்டு வந்திருக்கே! இறங்கு கீழே!" என்றது. மாதங்கி மாமி கையில் அச்சோடு அப்படியே நின்றார். சம்பந்தியம்மாள், "அவா ஆத்துல வேண்டாம்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றாள். மாமி பதறிப்போய் "அது குரங்குக்கு வச்சது மாமி!" என்று சொன்னதில் நிலைமை இன்னும் மோசமானது. வடாம் அங்கேயே இருந்ததால் அதுவும் நிறுத்தவில்லை, அரை நிமிஷத்துக்கு ஒரு தரம் வெக்கமா இல்லே, வெக்கமா இல்லே என்று. அவர்கள் ஆட்டோ ஏறின பிறகு நிஜக் குரங்குகள் வந்து, அந்தக் கூச்சலைச் சட்டையே செய்யாமல், ஷீட்டைச் சுத்தமாக வழித்துவிட்டுப் போயின.

அன்று சாயங்காலம் நீங்கள் கூடத்தில் நின்று, "என் ஸ்கீம்தான் தப்பு. எனக்கு எதுக்கு இந்த வயசுல இதெல்லாம்" என்றீர்கள். நான் படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மறுநாள் வெயிலில் மௌலா அலி போய் அந்த இரண்டு பேரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தீர்கள். நான் லீவு போட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தேன், உங்களோடு வரவில்லை. அன்றிலிருந்து ஃபோன் கம்பத்தில் இல்லை, லேப்டாப் மூடியே கிடக்கிறது, தினமும் ஆபீசுக்குப் போகையில் ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், நீங்கள் பேப்பரை வைத்துக்கொண்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறீர்கள், திறப்பதில்லை. இன்றோடு பதினோரு நாள். அந்த மூடிய லேப்டாப்பைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு வேறெதுவும் வேண்டாம், நீங்கள் அதைத் திறந்து, நான் வெட்டின அந்த ஒரு கோட்டைத் திரும்ப இழுத்தால் போதும். நூற்று அறுபதும் பத்திரமாக இருக்கிறது. உங்களைவிட நன்றாக அந்த வேலையை எங்கள் ஆபீசில் யாரும் செய்யமாட்டார்கள், நானும் உட்பட.

மாமிக்கு என் நமஸ்காரம். உங்களோடு அவர் பெண் ஹம்ஸினி மூலமாகவே பேசுவதை இன்றோடு நிறுத்திவிட்டு, இனி என்னோடு அப்படிப் பேசும்படி கேட்டுக்கொள்கிறேன். மாதங்கி மாமி காலில் ஞாயிற்றுக்கிழமை நானே போய் விழுகிறேன். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், என்னைத் திட்டவாவது.

இப்படிக்கு, தப்புச் செய்த மருமான்,
பாலா

பி.கு.: கொண்டுபோய்க் கொடு என்று ஹம்ஸினியைக் கூப்பிட்டேன். வாங்கியவள் அங்கேயே நின்று முழுக்கப் படித்துவிட்டு, "பிச்சா நீக்கு?" என்றாள். எனக்குப் பைத்தியமா என்று தெலுங்கில் கேட்கிறாளாம். "அப்பா சோகத்துல எல்லாம் இல்ல. சார்ஜர் காணோம். சண்டேலேர்ந்து வீடு பூரா தேடறார், பரண் எல்லாம் ஏறிட்டார்." என்னை ஏன் கேட்கவில்லை என்றேன். "நீதான் கீழயே வரலையே! மேலே போய்க் கேக்கட்டுமான்னேன், நக்கோ, வேண்டாம், அவனுக்கு ஆபீஸ்ல நெருக்கடி போலிருக்கு, தொந்தரவு பண்ணாதேன்னார்." திரும்பிப் பார்த்தேன். என் மேஜையில் உங்கள் சார்ஜர். அந்தச் சனிக்கிழமையிலிருந்து என் லேப்டாப் ஓடிக்கொண்டிருப்பது அதில்தான். ஹம்ஸினி அதைப் பிடுங்கிச் சுற்றிக்கொண்டே, "அப்போ லெட்டர் எதுக்கு? சார்ஜர் மட்டும் குடுத்துடவா? அப்பாக்கு ஒண்ணும் தெரியாது" என்றாள். இரண்டையும் கொடுத்தனுப்பியிருக்கிறேன். ஆனால் அவள் கேட்டதும் ஒரு நிமிஷம் யோசித்தேன் மாமா. அந்த ஒரு நிமிஷத்துக்கும் சேர்த்து மன்னிக்கவும்.