அப்பாவின் பாகத்தில் ஒரு கட்டில்

ஒரு அறை எவ்வளவு சின்னது என்பது, அதற்குள் மாட்டிக்கொண்டால்தான் தெரியும். நான் மாட்டிக்கொண்டவள். அதுவும் அப்பாவின் ஆட்டத்திவசத்தன்று, அவர் போய் ஒரு வருஷம் நிறைகிற நாளில், வீடு நிறையச் சனம் வந்திருக்க, ஒரு கட்டிலுக்குக் கீழே. (சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் அக்கா சொல்லுவாள். அவள் சொன்னால் கதை இன்னும் மோசமாகிவிடும்.)

எங்கள் வீடு துறைமுக ரோட்டிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கையில் இருக்கிறது. ஒரு ஹோல், ஒரு குசினி, அக்காவும் அத்தானும் குழந்தையும் படுக்கிற அறை, பிறகு அப்பா வலை வைத்திருந்த அறை. கடைசியை அறை என்று சொல்வது அப்பா மேலுள்ள மரியாதையால். ஒரு அலுமாரிக்கு யன்னல் வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படித்தான் அது இருக்கும். அம்மா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே போய்விட்டார். அப்பா, காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவர், நடந்து வரவில்லை. அதன்பிறகு அந்த அறைக்கதவை ஒருவரும் திறப்பதில்லை. நான் மட்டும் இடைக்கிடை போய் நிற்பேன். வலையும் மண்ணெண்ணெயும் வெயிலும் கலந்த ஒரு மணம் வரும். அது குறைகிறதா என்று மூக்கை வைத்துப் பார்ப்பேன்.

அத்தான் மீன் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிறவர். அவருக்கும் அந்த அறை மேல் ஒரு கண். ஐஸ் பெட்டி வைக்க வேண்டுமாம். நான் அதுவரை ஹோலில் பாய் போட்டுப் படுத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்த அறை வேண்டும் என்றேன். இரண்டு பேரும் அக்காவிடம் வழக்குக்குப் போனோம்.

"அதுக்குள்ள கட்டில் போடேலாது. ஆள் நிக்கவே இடமில்லை" என்றார் அத்தான்.

"போட்டுக் காட்டுறன்" என்றேன்.

அக்கா குழந்தைக்குச் சோறு தீத்திக்கொண்டே தீர்ப்புச் சொன்னாள். "திவசத்துக்கு முதல் கட்டிலைப் போட்டுக் காட்டு. போட்டா அறை உனக்கு. போடாட்டி ஐஸ் பெட்டிக்கு. பிறகு ஆரும் என்னோட கதைக்க வரப்படாது."

அன்றிலிருந்து எனக்கு வேறு சிந்தனையே இல்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். ஆனால் போனில் 'சின்ன அறையைப் பெரிதாகக் காட்டுவது எப்படி' என்று வருகிற வீடியோ எல்லாவற்றையும் பார்த்து, அதில் பட்டம் எடுத்த மாதிரி ஆகிவிட்டேன். சுவருக்கு மெல்லிய நிறம் அடிக்க வேண்டுமாம். யன்னலுக்கு எதிரே கண்ணாடி வைத்தால் அறை இரண்டு மடங்காகத் தெரியுமாம். உண்மையா என்று அறிய, குசினியில் முகம் பார்க்கிற கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பின்னுக்கு நடந்து பார்த்தேன். உண்மைதான். சட்டிபானையும் இரண்டு மடங்காகத் தெரிந்தது. மெல்லிய நிறத்துக்குத்தான் வழியில்லை. அப்பா தன் படகுக்கு அடித்து மிஞ்சிய நீலம் அரைத் தகரம் இருந்தது. அதை அடித்தேன். அந்த மணத்தில் எங்கள் வீட்டுப் பூனை பக்கத்து வீட்டுக்குக் குடிபோய்விட்டது.

பிறகு அளவு. அத்தான் டேப்பைக் கொண்டுவந்து நீட்டினார்.

"வேண்டாம். அப்பாட கயிறு இருக்கு" என்றேன்.

அது அப்பா கடலில் ஆழம் பார்க்கிற கயிறு. நுனியில் ஈயக்குண்டு, பாகத்துக்கு ஒரு முடிச்சு. இரண்டு கையையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மற்ற விரல் நுனிவரை உள்ளதுதான் ஒரு பாகம். ஒரு பாகம் என்றால் ஆறடி. கரையில் குழந்தைக்கும் தெரியும். அந்தக் கயிற்றைப் போட்டு அப்பா சொன்ன ஆழம் ஒருநாளும் பிழைத்ததில்லை என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். (வேறு சாட்சி வேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.)

சுவரிலிருந்து சுவருக்குப் பிடித்தேன். ஒரு முடிச்சும் ஒரு சாணும். ஆறடியும் முக்கால் அடியும். ஆறேகால் அடிக் கட்டில் போட்டாலும் மிச்சம் இருக்கும். சல்லிக் கிராமத்தில் இருக்கிற தச்சருக்கு உடனே போன் எடுத்தேன்.

"டேப் வச்சுத்தானே அளந்தனீங்கள், தங்கச்சி?"

"அதைவிட நல்ல சாமானால அளந்தனான், அண்ணை."

கட்டில் வர வேண்டிய நாளில் வரவில்லை. திவசத்தன்று காலையில், முற்றத்தில் பந்தல் போட்டு, குசினியில் வடை பொரியும்போது, ஓட்டோவில் துண்டு துண்டாக வந்து இறங்கியது. அத்தான் மணிக்கூட்டைப் பார்த்தார். "திவசம் தொடங்க இன்னும் நேரமிருக்கு" என்றேன்.

தச்சர் துண்டுகளை அறைக்குள் வைத்துப் பூட்டிக் கட்டிலாக்கினார். ஒரு பக்கம் நிலத்தில் இருந்தது. மற்றப் பக்கம் சுவரில் ஏறி நின்றது. தச்சர் கட்டிலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பெரிய சுத்தியல் ஓட்டோவில கிடக்கு. எடுத்துக்கொண்டு வாறன், தொடாதேங்கோ" என்று போனார்.

தொடாமல் இருந்திருக்கலாம். ஐயரின் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டது. பதற்றத்தில் நான் கட்டிலின் உயர்ந்த பக்கத்தில் ஏறிக் குதித்தேன். அது பாதி இறங்கி, சுவரைக் கிழித்துக்கொண்டு, அப்படியே இறுகியது. உள்ளுக்குத் திறக்கிற கதவு அதில் முட்டி, நாலு விரல் நீக்கலோடு நின்றது. முதுகால் தள்ளிப் பார்ப்போம் என்று கீழே புகுந்தேன். கட்டில் அசையவில்லை. யன்னலுக்கு எதிரே நான் சாய்த்து வைத்திருந்த கண்ணாடியில் சட்டங்களுக்கு நடுவே ஒரு முகம் தெரிந்தது. வீடியோவில் சொன்னது சரிதான். அறை இரண்டு மடங்கு, முட்டாளும் இரண்டு பேர்.

தச்சர் சுத்தியலோடு வந்தபோது ஐயர் மந்திரம் தொடங்கிவிட்டார். அத்தான் கதவு நீக்கலில் வாயை வைத்து, "இப்ப அடிக்கேலாது. முடியும்வரைக்கும் சத்தம் போடாம இரு" என்றார். குரலில் துக்கம் இருந்தது. ஆனால் அதற்குள் ஒரு ஐஸ் பெட்டியும் இருந்தது.

அப்பாவின் திவசத்தை நான் காதால்தான் பார்த்தேன். அழ வேண்டிய நாள். அழுகையும் வந்தது, ஆனால் அறை போகப்போகிறதே என்று வந்ததா, அப்பா போய்விட்டாரே என்று வந்ததா என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

ஐயர் முடித்துத் தண்ணீர் குடிக்கும்போது, அப்பாவின் அக்கா, என் மாமி, நீக்கலுக்குள்ளால் ஒரு வடையை நீட்டினார்.

"எப்பிடியடி உள்ளுக்குப் போனாய்?"

"கட்டில் இறுகிட்டுது மாமி. அளவு பிழைச்சிட்டுது."

"எதால அளந்தனி?"

"அப்பாட கயித்தால."

 வெளியே ஒரு விம்மல் கேட்டது. மாமியை அழ வைத்துவிட்டேனே என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால், சேலைத்தலைப்பை வாய்க்குள் வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு பாகம் எத்தனை அடி எண்டு கணக்குப் போட்டனி?"

"ஆறடி. எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

"ஆறடி ஆம்பிளை கை விரிச்சாத்தான் ஆறடி, பிள்ளை. தம்பி என்ட தோள்மூட்டுக்குத்தானே வருவான். அவன் எட்டுப் பாகம் எண்டா மற்றவங்கள் ஏழு பாகத்துக்குத்தான் கயிறு விடுவாங்கள். கரை முழுக்கத் தெரியும். அவனுக்கு மட்டும் தெரியாது."

"ஒருத்தரும் சொல்லேல்லையோ?"

"ஏன் சொல்லுறது? அவன்ட வலையும் அவன்ட கை அளவு, அவன்ட கயிறும் அவன்ட கை அளவு. அவனுக்கு எல்லாம் சரியாத்தான் வந்தது. உன்ட அக்காட கலியாணப் படத்தில எதுக்கு மேல நிண்டவன் எண்டு அவளிட்டக் கேள்."

அக்கா அங்கேதான் நின்றாள். "மீன் பெட்டி" என்றாள் மெதுவாக. "என்ட சீலையால மறைச்சுக்கொண்டு நிண்டனான்."

என் அப்பா குட்டையானவர். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எனக்கு அது தெரியாது. இஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு கரையேறி வருகிறவரை யார் அளந்து பார்ப்பார்கள்? வடையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். இன்னும் எனக்குத் தெரியாதது என்னென்ன இருக்கும்? போன ஒருவரைப் பற்றிப் புதிதாக ஒன்று தெரியவந்தது, அவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது மாதிரி இருந்தது.

சாப்பாடு முடிந்தபிறகு தச்சர் நீக்கலுக்குள்ளால் மரம் அறுக்கிற வாளை விட்டு, கட்டிலின் ஒரு தலைப்பை அறுத்து என்னை வெளியே எடுத்தார். தலையெல்லாம் மரத்தூள். சனம் வரிசையில் நின்று பார்த்தது.

"எவ்வளவு நீளத்துக்குக் குறைக்கிறது?" என்று தச்சர் கேட்டார். அத்தான் டேப்பை நீட்டினார். நான் கயிற்றை நீட்டினேன்.

"திரும்பவும் அதோ?" என்றார் அத்தான்.

தச்சர் என்னைச் சுவரோடு நிற்கவைத்து, கயிற்றை உச்சந்தலையிலிருந்து பிடித்தார். முடிச்சு என் குதிக்காலில் வந்து நின்றது. அப்பாவின் ஒரு பாகமும் நானும் ஒரே அளவு. அத்தான் டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். தச்சர் ஒரு முடிச்சுக்கு நாலு விரல் கூட விட்டு அறுத்து, மறுபடி பூட்டினார். கட்டில் இறங்கியது. கதவு முழுதாகத் திறந்தது. கால்மாட்டில் ஒரு றாக்கை வைக்க இடமும் மிஞ்சியது.

"அறை அவளுக்கு" என்றாள் அக்கா. "ஹோலில இவள் பாய் போட்ட இடத்தில ஐஸ் பெட்டியை வையுங்கோ. இவ்வளவு நாளும் இதுக்கோ ரெண்டு பேரும் சண்டை பிடிச்சனீங்கள்?"

இப்போது எங்கள் வீட்டில் யாரும் எந்த அளவும் சொல்ல முடியாது. யன்னல் சீலைக்கு மூன்று முழம் என்றால், "ஆரின்ட முழம்?" என்பாள் அக்கா. நான் ஐந்து நிமிஷத்தில் வருகிறேன் என்றால், "ஆரின்ட நிமிஷம்? அப்பாடயோ?" என்பார் அத்தான்.

போன கிழமை மாமி வந்திருந்தார். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு என் கட்டிலில் சரிந்தார். அவர் நல்ல உயரம். இரண்டு காலும் வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. நாங்கள் ஹோலில் இருந்தோம். உள்ளேயிருந்து மாமியின் குரல் கேட்டது:

"தம்பி, கையை இன்னும் கொஞ்சம் விரிச்சுப் பிடியடா. அக்கா படுக்க இடம் காணாது."