எழுநூற்றைம்பது மீட்டர் மனிதர்

மேட்டுக்காரர் என்றொரு இனம் உண்டு. மலையில் பிறந்ததற்கு மலையைவிட அதிகமாகக் கர்வப்படும் இனம். வட இத்தாலியில், எங்கள் வல்தெல்லீனாப் பள்ளத்தாக்கில் அவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. கையில் சிவப்பு ஒயின் கிண்ணத்தோடு, குனிந்து பார்க்க யாராவது கிடைப்பார்களா என்று சுவரோரம் நிற்பவர்தான் அவர்.

உதாரணத்துக்கு ஒரேஸ்தே. நாலு தலைமுறையாகக் குடும்பத் தோட்டம். பூச்சிமருந்து கிடையாது, செயற்கை உரம் கிடையாது, களையை ஆடுகள் பார்த்துக்கொள்கின்றன. கல்சுவர் கட்டிப் படிப்படியாக ஏறும் அந்த நிலத்தின் ஒயின், சத்தியமாகச் சொல்கிறேன், அருமையான ஒயின். அதைப் பேசாமல் குடிக்க விட்டால் இன்னும் அருமையாக இருக்கும். விடுவாரா?

"இது எழுநூத்தி அம்பது மீட்டர் உயரத்து ஒயின்" என்பார்.

அவர் தாத்தா காலத்துச் சீசாவில் எழுநூறு என்றுதான் இருந்தது. மலை வளர்ந்துவிட்டதா? "அளந்தோம்" என்பார். எங்கிருந்து? அவர் தொப்பியின் உச்சியிலிருந்து என்று ஊரில் பேச்சு.

அடுத்த படியில், இரண்டு ஆள் உயரச் சுவருக்குக் கீழே, துலியோவின் தோட்டம். அதே கொடி, அதே வெயில். மேய்கிற ஆடுகள்கூட அதே ஆடுகள். ஆனால் அது கீழ்.

இந்தச் சுவரைக் காதலுக்குப் படிக்கத் தெரியவில்லை. ஒரேஸ்தேயின் ஒரே மகள் நீவெஸும் துலியோவின் மகன் மிர்கோவும் உயிருக்குயிராய் நேசித்தார்கள். ஒரு ஞாயிறு மதியம் இஸ்திரி போட்ட சட்டையும் தன் வீட்டு ஒயினுமாக மிர்கோ பெண் கேட்டு வந்தான். ஒரேஸ்தே சீசாவைத் திறந்து மூக்கை மட்டும் காட்டினார்.

"கறியில ஊத்தலாம். தம்பி, தப்பா நெனைக்காத. மேல விளையறது மேல, கீழ விளையறது கீழ. கலந்தா ரெண்டும் கெட்டுரும்."

மான்கறி அந்த ஒயினில் வெந்தது; கூடவே ஓர் இளம் நெஞ்சமும் வெந்தது. சோளக்களியோடு எல்லோரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒரேஸ்தே மூன்றாம் முறை. நீவெஸ் தட்டைத் தொடவில்லை.

அறுவடை நெருங்கிய வாரம் வானம் கொட்டித் தீர்த்தது. விடிந்தபோது சுவர் வயிறு வெடித்துக் கிடந்தது. ஒரேஸ்தேயின் உசத்தியான கொடி வரிசைகள், மண்ணும் வேரும் பழுத்த குலையுமாக அலுங்காமல் வழுக்கி இறங்கி, விருந்துக்கு வந்த சம்பந்தி போலத் துலியோவின் தோட்டத்தில் நின்றன.

துலியோ அண்ணாந்து பார்த்தார். "என்னய்யா ஒரேஸ்தே, சொல்லியனுப்பாம நேர்லயே எறங்கிட்ட?"

"சிரிக்காதய்யா. இன்னைக்கே குலையை அறுத்து என் தொட்டியில சேர்க்கணும். இது இல்லாம எனக்கு இந்த வருஷம் ஒயினே இல்ல."

அருகில் நின்ற நீவெஸ் கேட்டாள். "எப்படிப்பா சேர்ப்பீங்க? இது இப்போ கீழ விளையறதாச்சே."

"வேரு மேல இருந்து வந்ததுடி. எறங்கிட்டா ருசி மாறிருமா?"

"மாறாதா?"

"மாறாது."

"அப்போ நானும் எறங்குறேன். மாறமாட்டேன்."

இறங்கியது கீழ் என்றால் குலை போகிறது. இறங்கினாலும் மேல்தான் என்றால் மகள் போகிறாள். ஒரேஸ்தே மலையைப் பார்த்தார். மலை அவர் பக்கம் பேசவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துலியோவின் தோட்டத்துக்குள் இறங்கினார்.

திருந்திவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறீர்களா? பொறுங்கள். கல்யாணப் பந்தியில் கிண்ணத்தை உயர்த்தி அவர் சொன்னார்: "எங்க சம்பந்தி தோட்டத்தைச் சாதாரணமா நெனைக்காதீங்க. அதுவும் எழுநூத்தி அம்பது மீட்டர்."

துலியோ மறுக்கவில்லை. போன வாரம் அவர் தன் சுவரோரம் நின்று, அடுத்த படித் தோட்டக்காரரைக் குனிந்து பார்த்து, "உங்களுது எத்தனை மீட்டர்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வாசலிலும் ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு பையன் வந்து நிற்பான். "உட்காருங்க தம்பி" என்பீர்கள். காபி வருவதற்குள், "பூர்வீகம் எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு?" என்பீர்கள். கேட்கும்போது குரலை மட்டும் இயல்பாக வைத்துக்கொள்ளுங்கள். மீட்டர் அளப்பது வெளியே தெரியக்கூடாது.