குஞ்ஞப்பனுக்குச் சர்க்கரை நாற்பத்தொன்று

பாலா ஊரிலிருந்து,
நோன்பு முப்பத்து நாலாம் நாள்.

ஈசோவுக்கு ஸ்துதி.

அன்புக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பயத்துக்கும் உரிய ரோசக்குட்டிச் சேச்சிக்கு, தம்பி வர்க்கிச்சன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. நான் நலம், என் வீட்டுக்காரி ஏலிக்குட்டி நலம். மூன்றாவது ஆளைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். நேராக அங்கே தாவாமல் வரிசையாகப் படிக்கவும். டப்ளினில் உங்கள் மகள் லின்ஸிக்குப் பிரசவம் நல்லபடியாக முடிந்து, பிள்ளையைச் சேச்சிதான் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறீர்கள் என்று கேட்டு ரொம்ப சந்தோஷம். இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் சொன்னால் உடனே திட்டு விழும். கடிதமென்றால், திங்கட்கிழமை விமானம் ஏறுகிற நர்ஸ் ஜிஷாவின் பெட்டியில் மாங்காய் ஊறுகாயோடு அங்கே வந்து, நீங்கள் கண்ணாடியைத் தேடியெடுத்துப் படித்து முடிக்கிற வரைக்கும் எனக்கு நாலு நாள் நிம்மதி.

கிளம்புகிற அன்று கேட்டருகில் நின்று நீங்கள் சொன்னது எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. "எடா வர்க்கிச்சா, லின்ஸியும் கடல் கடந்து போனப்புறம் எனக்குன்னு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். நான் திரும்பி வர்றப்போ இவன் இல்லேன்னா நீயும் எனக்கு இல்ல." உங்கள் பாப்பச்சனை, என் அளியனை, அடக்கம் செய்துவிட்டு நாம் மழையில் திரும்பி வந்தபோது அளியனுடைய செருப்புக்குள் சுருண்டு கிடந்த குட்டி இவன் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்ததால்தான் பயம். முப்பத்தோரு வருஷம் வாகமண் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன், குடித்துவிட்டு ஏறினவனைக் கொண்டை ஊசி வளைவில் இறக்கி விட்டவன், சர்க்கரை வியாதிக்காரப் பூனை ஒன்றின் காதோரத்தில் ஒரு சொட்டு ரத்தம் எடுப்பதற்கு முன்னால் மூன்று தரம் கக்கூஸுக்குப் போகிறேன். சேச்சி காட்டிக் கொடுத்த மாதிரியே வெந்நீரில் துணியை நனைத்துக் காதைச் சூடாக்கினேன், பின்னால் பஞ்சை வைத்தேன், குத்தினேன். ஊசி பஞ்சைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. குஞ்ஞப்பன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அலமாரி மேல் ஏறியவன், சாயங்காலம் வரை இறங்கவில்லை. ஏலிக்குட்டி என் விரலுக்கு மஞ்சள் வைத்துக்கொண்டே, "பூனைக்கு ஊசி, உங்களுக்குக் கட்டு. ரெண்டு பேரையும் நான் ஒருத்தி பாக்கணும், இல்லையா மனுஷா?" என்றாள்.

சர்க்கரை பார்க்கிற மிஷின் முதல் வாரம் முந்நூறைத் தாண்டியே காட்டியது. மிருக ஆஸ்பத்திரி டாக்டர் நீனுவுக்குப் போன் போட்டேன். "அச்சாயா, பூனை பயந்தா சர்க்கரை ஏறும். நீங்க நடுங்கினா அவனும் நடுங்குவான். முதல்ல நீங்க பயப்படாம இருங்க" என்றார். பயப்படாமல் இருக்க மருந்து கேட்டேன். பாட்டுப் பாடச் சொன்னார். எனக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு துக்கவெள்ளியன்று சிலுவையடியில் பாடுகிற ஒப்பாரி ஒன்றுதான். அதைப் பாடினேன். சத்தியமாகச் சொல்கிறேன் சேச்சி, அவன் மடியிலேயே கண்ணை மூடிக்கொண்டு காதைக் கொடுத்தான். இருநூற்றுப் பதினைந்து. ஆனால் மூன்றாம் நாள் காலையில் பக்கத்து வீட்டு தேவஸ்யா வெள்ளை முண்டு உடுத்துக்கொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "யாரு? எப்போ?" என்று கேட்டார். "யாரும் போகல தேவஸ்யாச்சா, பூனைக்கு ரத்தம் எடுக்கிறார்" என்று ஏலிக்குட்டி உள்ளேயிருந்து சொன்னாள். அவருக்கு அது துக்கத்தைவிடப் பெரிய அதிர்ச்சி.

இப்படி ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அம்பது நோன்பு பிறந்தது. ஏலிக்குட்டியைச் சேச்சிக்குத் தெரியும். மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினால் ஈஸ்டருக்குத்தான் இறக்குவாள். பூனைக்காவது என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். "இது நோன்பு வீடு. பூனைக்கு ஒரு சட்டி, மனுஷனுக்கு ஒரு சட்டின்னு ரெண்டு சமையல் இங்கே நடக்காது. சோறும் பயறும் தின்னா யாரும் செத்துப்போகல" என்றாள். அவன் இரண்டு நாள் பட்டினி கிடந்து பார்த்துவிட்டு, தேங்காய்ப்பால் ஊற்றிய சோற்றைத் தின்ன ஆரம்பித்தான். சர்க்கரை இருநூற்று எண்பது, முந்நூற்று அறுபது, நானூற்றுப் பதினெட்டு. அந்த நானூற்றுப் பதினெட்டைப் பார்த்த அன்று எனக்குச் சேச்சியின் முகம் தவிர வேறொன்றும் கண்ணில் தெரியவில்லை. டாக்டரைக் கூப்பிட்டேன். "சாப்பாடு ஏதாவது மாத்தினீங்களா?" என்று கேட்டார். ஏலிக்குட்டி எதிரே நின்றுகொண்டிருந்தாள். பூனையை நோன்பிருக்க வைத்திருக்கிறோம் என்று படித்த ஒரு பெண்ணிடம் எப்படிச் சொல்வது? "இல்ல டாக்டரே, எல்லாம் பழையபடிதான்" என்றேன். நான் செய்த முதல் தப்பு அது. டாக்டர் பாவம், என்னை நம்பி, வேளைக்கு இரண்டு யூனிட் போடுகிற இன்சுலினை மூன்றாக்கினார்.

இரண்டாவது தப்பும் பயத்தில் செய்ததுதான். ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கிற கொட்டகைக்கு ஏலிக்குட்டி வரமாட்டாள், அந்த நாற்றம் அவளுக்கு ஆகாது. மீன்காரன் ஷாஜியை ரோட்டு வளைவிலேயே நிறுத்தி மத்தி வாங்கி, இலையில் பொதிந்து அங்கே கொண்டுபோய்க் குஞ்ஞப்பனுக்குக் கொடுத்தேன். அவனுக்கு மூன்று போதும். ஷாஜி பத்துக்குக் குறைத்துத் தரமாட்டான். மீதியைப் பலா மரத்தடியில் புதைத்துவிட்டேன். ஒரு துண்டாவது என் வாயில் பட்டிருந்தால் கேளுங்கள். அறுபத்தாறு வயதில் ஒரு நோன்பும் முறிக்காதவன் நான். சோறு குறைந்து மீன் உள்ளே போனதும் சர்க்கரை மளமளவென்று இறங்கியது. என் பாட்டின் மகிமை என்று தேவஸ்யாவிடம்கூடப் பெருமையடித்தேன். மருந்தைக் குறைக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. டாக்டர் சொன்னது மூன்று, போட்டது மூன்று.

போன செவ்வாய்க்கிழமை, ரத்தம் எடுக்கிற நேரம் பார்த்து ஷாஜி வளைவில் ஹாரன் அடித்தான். ஏலிக்குட்டி எட்டிப் பார்ப்பதற்குள் ஓட வேண்டுமே என்று, ரத்தம் பார்க்காமலே ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விட்டேன். பதினோரு மணிக்குக் குஞ்ஞப்பன் அடுக்களைக்குள் வந்தான். வந்தவன் கள்ளுஷாப்பிலிருந்து வருகிறவன் மாதிரி பக்கவாட்டில் நடந்தான், சுவரில் முட்டினான், அப்படியே சரிந்தான். காதில் குத்தினால் வலிக்கவில்லை அவனுக்கு. மிஷினில் நாற்பத்தொன்று. சேச்சி, அம்மா போனபோதுகூட நான் அப்படி அலறியதில்லை. டாக்டர் போனில், "ஈறுல தேன் தடவுங்க அச்சாயா, ஊத்தாதீங்க, தடவுங்க, அப்படியே தூக்கிட்டு வாங்க" என்றார். அவசரத்தில் நான் குப்பியைச் சாய்த்ததில் பாதித் தேன் என் முண்டிலேயே வழிந்தது. ஏலிக்குட்டிதான் குப்பியைப் பிடுங்கி, தரையில் உட்கார்ந்து, அவன் வாய்க்குள் விரலைவிட்டுத் தடவிக்கொண்டேயிருந்தாள். "குஞ்ஞப்பா, கண்ணைத் திற மோனே, நான் மீன் வாங்கித் தர்றேன்டா" என்று அழுதாள். பத்து நிமிஷம் கழித்து அவள் விரலைக் கடித்தான். ரத்தம் வந்தது. கடி வாங்கி ஒருத்தி இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆஸ்பத்திரியில் சோறு, மத்தி, கொட்டகை எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்பித்துவிட்டேன். டாக்டர் மருந்தை ஒரு யூனிட்டாக்கி, "இனி மாத்தினா மாத்தினேன்னு சொல்லுங்க, நான் சர்ச்சுல உக்காந்து உங்க பாவசங்கீர்த்தனம் கேக்கற அச்சன் இல்ல" என்றார். மறுநாள் காலையில் பார்த்தால் பரணிலிருந்து மீன் சட்டி இறங்கியிருந்தது. ஏலிக்குட்டி உப்பில்லாமல், மிளகாயில்லாமல், மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு மத்தி வேகவைத்துக்கொண்டிருந்தாள். இப்போது அவன் நன்றாக இருக்கிறான். நான்தான் சரியாகத் தூங்குவதில்லை. நடந்ததில் ஒன்றையும் மறைக்காமல் எழுதிவிட்டேன். மன்னிக்க முடிந்தால் மன்னியுங்கள்.

பிள்ளைக்கு என் முத்தம். மாதாவின் நிழல் உங்கள் எல்லோர் மேலும் இருக்கட்டும்.

உங்கள் தம்பி,
வர்க்கிச்சன்.

பின்குறிப்பு: சேச்சி, இது ஏலிக்குட்டி எழுதுவது. ஒட்டச் சொல்லிக் கவரை என் கையில் கொடுத்தார், பிரித்துப் படித்தேன். செவ்வாய்க்கிழமையே நான் உங்களுக்குப் போனில் எல்லாம் சொல்லிவிட்டதும், நீங்கள் திட்டாமல் அழுததும், தினமும் காலையில் அவர் பாடுவதை ஜன்னல் வழியாக நான் உங்களுக்கு வீடியோவில் காட்டுவதும் அவருக்குத் தெரியாது. சொல்லிவிடாதீர்கள், அந்தப் பயம் இருந்தால்தான் நேரத்துக்கு ரத்தம் எடுக்கிறார். இன்று காலை குஞ்ஞப்பனுக்கு நூற்று நாற்பத்தாறு. போனில் சொல்லாதது ஒன்றுதான், அதுவும் எனக்கே இன்றைக்குத்தான் தெரிந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு புகைக் கொட்டகையைப் பெருக்கப் போனேன். ஷீட்டுக்குக் கீழே, தேங்காய் மட்டைத் தணல் பக்கத்தில், சதை ஒட்டாமல் சுத்தமாகத் தின்ற மத்தி முள் ஏழும், ஒரு அரைத் துண்டு எலுமிச்சையும், காந்தாரி மிளகாய்க் காம்புகளும் கிடந்தன. குஞ்ஞப்பன் முள்ளை மிச்சம் வைக்கமாட்டான். அவனுக்குக் காந்தாரி மிளகாயும் ஆகாது.