பக்கத்துப் போர்ஷன் காலியாகும் விவரம்

கள்ளக்குறிச்சி,
28-4-2025, திங்கட்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் காசிநாதன் அவர்களுக்கு, தெய்வசிகாமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் உங்கள் தங்கை விஜயலட்சுமியும் வெயிலைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். மூங்கில்துறைப்பட்டில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று அறிய ஆவல்.

பொங்கலுக்கு வந்தபோது, வைத்தியத்துக்குக் கள்ளக்குறிச்சிதான் வசதி, கீழே பக்கத்துப் போர்ஷனை எனக்குக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். அமெரிக்கக்காரம்மா குடியிருக்கிறார், எப்படிக் கிளப்புவது என்றேன். வடையைக்கூடத் தொடாமல் பஸ் ஏறிவிட்டீர்கள். இப்போது அந்தப் போர்ஷன் காலியாகிறது. மாடியும் காலியாகிறது. இதில் என் தப்பு ஒன்றும் இல்லை. அமெரிக்காவும் சீனாவும் செய்த காரியம்.

மாடியில் இருந்தவர் லியூ, சீனாக்காரர், ஷூ கம்பெனியில் மெஷின் பழுது பார்ப்பவர். கீழே இருந்த பார்பரா அம்மாள் அமெரிக்காவில் ஷூ வாங்குகிறவர்களுக்காக இங்கே தையல், ஒட்டல் எல்லாம் சரியா என்று பார்த்து முத்திரை போடுபவர். சாயங்காலம் கம்பெனி வேன் இறக்கிவிட்டதும் இருவரும் நம் போர்டிகோவில் கேரம் ஆடுவார்கள். கற்றுக்கொடுத்தது நான்தான். அப்படி இருந்தவர்கள், போன புதன்கிழமைக்கு முந்தின புதன் முதல் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. எனக்குக் காரணம் உடனே விளங்கிவிட்டது. சீனச் சரக்குக்கு அமெரிக்கா நூற்று நாற்பத்தைந்து சதவீதம் வரி போட, பதிலுக்குச் சீனா நூற்று இருபத்தைந்து போட, அந்த வாரம் முழுக்கப் பேப்பரில் அதுதானே செய்தி. வேன் ஓட்டும் மாரியை விசாரித்தேன். “ஒருத்தர் முன் சீட்டு சார், ஒருத்தர் கடைசி சீட்டு. நடுவுல பன்னெண்டு பேரு குந்திக்கினு வர்றாங்க” என்றான். விஜயலட்சுமியிடம் சொன்னால், “அவங்க சண்டை நமக்கு இன்னாத்துக்குங்க? சும்மா கெடங்க” என்கிறாள். முப்பத்தைந்து வருஷம் சர்வேயராக இருந்து, கச்சிராயபாளையத்தில் வரப்புக்கு வரப்பு வெட்டுக்குத்து ஆகாமல் பார்த்துக்கொண்டவன் சும்மா கிடக்க முடியுமா?

நேற்று ஞாயிற்றுக்கிழமை இருவரையும் காலை டிபனுக்குக் கூப்பிட்டு, எதிரெதிரே உட்கார வைத்து, இட்லியும் கறிக்குழம்பும் போடச் சொல்லி, நடுவில் நான் நின்றேன். நம் தமிழை ஒரு போன் இங்கிலீஷிலும் இன்னொரு போன் சீனத்திலும் சொல்லும்படி அவர்களே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். நீ ஒரு வரி போட்டால் அவன் ஒரு வரி போடுவான், கடைசியில் செருப்பு வாங்குகிறவன்தான் வெறுங்காலோடு போவான் என்று விளக்கினேன். இருவரும் விழித்துக்கொண்டிருந்தார்கள். முடிக்கும்போது, “இது ஒங்க வூடு மாதிரி. ஒரே வூட்ல இருக்கறவங்க, ரெண்டு பேரும் விட்டுக் குடுத்துப் போங்க” என்றேன். போன்கள் பேசின. பார்பரா அம்மாள் எழுந்து கை கழுவினார். லியூ மூன்றாவது இட்லியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். பேச்சு உள்ளே தைத்துவிட்டது என்று நினைத்தேன். இன்று காலையில் பார்த்தால் இரண்டு பேரும் லீவு போட்டுவிட்டுப் பெட்டிகளைப் போர்டிகோவில் அடுக்கியிருக்கிறார்கள். அவரவர் அரசாங்கமே திரும்பக் கூப்பிட்டிருக்கும்போது நான் என்ன செய்வது? பெரிய இடத்து விவகாரம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ஆனால் லியூ மீதிச் சாமானுக்காகக் காலிப்பெட்டியை எடுத்துக்கொண்டு மாடி ஏறியதைப் பார்த்தபோது, சொந்தப் பிள்ளை ஊருக்குக் கிளம்புவது போலத்தான் இருந்தது.

ஆகவே பொங்கல் கோபத்தை மறந்து தாங்கள் குடும்பத்தோடு வந்து பக்கத்துப் போர்ஷனில் இருக்கலாம். படி ஏறும் வேலை இல்லை. ஆற அமர யோசித்து, நல்ல நாள் பார்த்து, பதில் எழுதினால் போதும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு வளர ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்,
தெய்வசிகாமணி.

பின்குறிப்பு: மாலை ஐந்து மணி. மேலே எழுதியதில் வெயிலைப் பற்றியது மட்டும் சரி. எதிர்வீட்டு இங்கிலீஷ் டீச்சர் சந்தியாவை விஜயலட்சுமி கூப்பிட்டு விசாரிக்கச் சொன்னாள். அந்தப் பெண் பேசிவிட்டு வந்து, சிரிப்பை அடக்க முடியாமல், “சார், நீங்க நேத்து வூட்டைக் காலி பண்ணச் சொன்னீங்களாம். போன் அப்படித்தான் சொல்லிச்சாம். நீங்க சொன்ன ‘விட்டுக் குடுத்து’ அதுக்கு ‘வூட்டைக் குடுத்து’ன்னு கேட்டிருக்கு. ரெண்டு பேரும் இன்னா தப்பு செஞ்சோம்னு கேக்கறாங்க” என்றாள். “அப்ப வரி?” என்றேன். “வரியெல்லாம் கம்பெனிக்காரங்க கவலை சார். இவங்க சண்டை கேரம்ல. ரெட்டு காயைப் போட்டா அடுத்து ஃபாலோவா இன்னொரு காயும் போடணும்னு அவருக்குச் சொல்லியிருக்கீங்க, வேணாம்னு அந்தம்மாவுக்குச் சொல்லியிருக்கீங்க.” உண்மைதான். அந்தம்மாள் தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தார், பாவமாக இருந்தது. “சண்டையை மூட்டி வுட்டதே நீங்கதானா?” என்று உங்கள் தங்கை கேட்டாள். இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன், சந்தியா மூலமாக. பெட்டிகள் உள்ளே போய்விட்டன. போர்ஷன் காலி இல்லை.

ஆனால் விஜயலட்சுமி காலையிலேயே என்னிடம் சொல்லாமல் உங்களுக்குப் போன் செய்துவிட்டாளாம். கட்டில், பீரோவோடு உங்கள் டிராக்டர் சங்கராபுரம் தாண்டிவிட்டதாம். சாமான் இறக்க ஆள் வேண்டுமே என்று லியூவும் பார்பரா அம்மாளும் சேர்ந்து வாசலில் நிற்கிறார்கள். இந்தக் கடிதத்தை இனித் தபாலில் போட வேண்டியதில்லை, கையிலேயே தருகிறேன். கட்டிலை இறக்குமுன் தயவுசெய்து ஒருமுறை படித்துவிடவும்.