வானத்தில் போன உளுந்து வடை

ஒரு தடவைகூட விமானத்தில் ஏறாமல், பறக்கிற அத்தனை விமானங்களையும் தானே ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருக்கும் மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் திருவண்ணாமலையில் இருக்கிறார். ஊரில் எல்லோருக்கும் அவர் ‘ஏரோப்ளேன்’. ரேஷன் கார்டிலும் அப்படித்தான் போட்டிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

நான் வேங்கிக்காலில் ஒரு ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு, செங்கம் ரோட்டில் அறை எடுத்திருந்த காலம். கிரிவலப் பாதைக் கடைகளில் பஜ்ஜி, வடை சுட்டு மிஞ்சும் கருத்த எண்ணெயை லோடு ஆட்டோவில் சேகரிப்பது அவர் தொழில். வாரம் ஒருமுறை கம்பெனி லாரி வந்து வாங்கிப் போகும். அதிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் செய்கிறார்கள் என்று கம்பெனிக்காரர் ஒருவர் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டார். போதாதா? அன்றிலிருந்து மனிதருக்குத் தரையில் கால் பாவவில்லை.

தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் நடுரோட்டில் ஆட்டோவை நிறுத்திவிடுவார். பின்னால் பஸ், டெம்போ எல்லாம் ஹாரன் அடிக்கும்.

“பாருங்க சார், அடி அண்ணாமலைக் கடை உளுந்து வடை போவுது!”

“யோவ், வண்டிய எடுய்யா!”

“இருய்யா, நம்முளுது திரும்பட்டும்!”

கடைக்காரர்களை அவர் மிரட்டுகிற மிரட்டல் இருக்கிறதே! “மூணாவது வாட்டி காய்ச்சாத. மனுசனுக்கும் ஆவாது, பிளேனுக்கும் ஆவாது.” ஊர் விடுமா? “உன் எண்ணெய் சோப்புக்குத்தான்யா போவுது” என்று சீண்டும். அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

இதெல்லாம் சகஜம். விவகாரம் டின்னில்தான் வந்தது. வடை எண்ணெய்க்குப் பச்சை மூடி, ஊருக்குள் வாங்கும் சிக்கன் பக்கோடா எண்ணெய்க்குச் சிவப்பு மூடி என்று அவர் தனித்தனியாக வைத்திருந்தார்.

“எதுக்குண்ணா?” என்று கேட்டேன்.

“பௌர்ணமிக்கு வெளிநாட்லருந்து விரதம் இருந்து வர்றாங்க சார். அவங்கள சிக்கன் பொரிச்ச எண்ணெயிலயா ஏத்திவுடறது? பாவம் இல்ல?”

ஒரு நாள் புதிய லாரி டிரைவர் வந்து இரண்டையும் ஒரே டேங்கில் ஊற்றப்போனார். ஏரோப்ளேன் லாரிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். டிரைவர் கம்பெனிக்கு போன் போட்டார். ‘குடுக்காட்டி உடு, வேற ஆள் பாத்துக்கலாம்’ என்று அங்கே சொல்லிவிட்டார்கள். ஏரோப்ளேன் முகம் செத்துப்போயிற்று. அந்த வேலை போனால் அவருக்கு வானமே போன மாதிரி. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, வீம்பு!

பக்கத்துப் பஜ்ஜிக்கடை அக்காதான் கரண்டியோடு வந்தார்.

“ஏம்பா, எண்ணெய அங்க இன்னா பண்ணுவாங்க?”

“எரிப்பாங்க.”

“நம்ம சாமி யாரு?”

ஏரோப்ளேன் மலையைப் பார்த்தார். “நெருப்புதான்க்கா.”

“அப்புறம் இன்னா? நெருப்புல போட்டப்புறம் சைவம் ஏது, அசைவம் ஏது? எந்திரி. மாவு புளிக்குது எனக்கு.”

 ஏரோப்ளேன் எழுந்து, இரண்டு மூடிகளையும் தானே திறந்து, ஒரு சொட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஊற்றினார். கூட இருந்த நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

எனக்கு மாற்றல் வந்தபோது ஆட்டோவிலேயே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டார். “சார், நீங்களாச்சும் ஒரு நாள் பிளேன்ல ஏறுங்க. நம்ம எண்ணெய் ஒழுங்கா இழுக்குதான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. இவனுங்க நம்ப மாட்டேன்றானுங்க.”

போன மாதம்தான் முதல் தடவையாக ஏறினேன். பெல்ட் போட்டதும் அவருக்கு போன் செய்தேன்.

“ண்ணா, பிளேன்ல உக்காந்திருக்கேன்.”

 மறுமுனையில் மெல்ல, “இழுக்குதா சார்?”

விமானம் நின்ற இடத்திலிருந்து நகரவே இல்லை. அதில் என்ன ஊற்றியிருந்தார்களோ, அந்த அண்ணாமலையாருக்குத்தான் வெளிச்சம்.

“ஜோரா இழுக்குதுண்ணா. நம்முளுதுதான்.”

“யக்கா! சார் பிளேன்லருந்து பேசறாரு! இழுக்குதாம்க்கா!” என்று அவர் கடைத்தெருவே கேட்கக் கத்தினார். அந்தக் குரலைக் கேட்பதற்காக இன்னும் எத்தனை பொய் வேண்டுமானாலும் சொல்லியிருப்பேன்.