கம்பி வழியே வந்த கரி

விறகு அடுப்புக்கு மேலே தொங்கிய கைக்குட்டை மல்லிகையாய் வெளுத்திருந்தது. கரண்ட் அடுப்புக்கு மேலே தொங்கியது, லாரி பட்டறைத் துணி போல இருந்தது.

செம்பியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். மாற்றமில்லை.

காரைக்காலில் ஒரு கல்லூரியில் அவன் இயற்பியல் விரிவுரையாளர். திங்கட்கிழமை கருத்தரங்கில், எந்த எரிபொருள் சுற்றுச்சூழலுக்கு அதிகக் கெடுதல் என்று சொந்த ஆய்வோடு பேசவேண்டும். பேச்சு நன்றாக அமைந்தால் துறைத் தலைவர் நாற்காலி. சொதப்பினால் அதில் சக விரிவுரையாளன் கிளாட்வின் உட்கார்ந்துவிடுவான்.

அதற்காகத்தான் கொல்லைக் கொட்டகையில் விறகு, வறட்டி, கேஸ், கரண்ட் என்று நான்கு அடுப்புகள். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு வெள்ளைக் கைக்குட்டை. காலையில் நான்கிலும் சோறு வடித்துவிட்டுக் கல்லூரிக்குப் போவான். மாலையில் வந்து, எதில் எவ்வளவு கரி என்று குறித்துக்கொள்வான்.

"வெண்மதி, இங்க வந்து பாரு. விறகுல கரியே இல்ல. கரண்ட்ல அப்பிக் கெடக்கு."

அப்போதுதான் வங்கி வேலையிலிருந்து திரும்பிய மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நாலு சட்டி சோத்தை யாருங்க திங்கறது? வீட்டு வேலைக்கு வர்ற பூவாயியே வேணாம்னுட்டா."

"கரண்ட்ல எப்படிடி கரி வரும்?"

"கரண்டையே நிலக்கரியிலதான எடுக்கறாங்க" என்றாள், பேச்சை முடிக்கிற அவசரத்தில்.

செம்பியன் சுவர் பிளக்கிலிருந்து அடுப்பு வரை ஒயரை விரலால் தடவிக்கொண்டே போனான். "அப்ப கம்பி வழியா வந்திருக்கு."

"எது?"

"கரி."

வெண்மதி அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.

மறுநாள், வெள்ளிக்கிழமை. விறகுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுக்க ஈரச் சவுக்கையும் பச்சைத் தென்னை மட்டையையும் திணித்தான். எழும்பிய புகையில் பக்கத்து வீட்டு ஜெகபர் சாதிக் வாளித் தண்ணீரோடு சுவரேறிக் குதித்தார்.

மாலையில் பார்த்தால், கைக்குட்டை நேற்றைவிட வெளுப்பு.

சனிக்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்தான்.

"பாய், உங்க மாடி சோலார்லேருந்து ஒரு ஒயர் இழுத்துக்கட்டுமா? நிலக்கரி கலக்காத கரண்ட் வேணும்."

"தாராளமா இழுத்துக்கங்க சார். அந்த மட்டையை மட்டும் விட்டுடுங்க. புள்ளைங்க கண்ணைத் தொறக்க முடியல."

அன்று மாலையும் கரண்ட் அடுப்புத் துணியில் அதே கரி. கூடவே, நடுவில் மஞ்சளாய் ஒரு திட்டு.

"பாத்தீங்களா பாய், வெயில் எறங்கியிருக்கு."

ஜெகபர் சாதிக் குனிந்து முகர்ந்தார். "வெயில்ல மீன்கொழம்பு வாசம் அடிக்குதே சார்."

"கடல் காத்து, பாய்."

அன்றிரவே கல்லூரி முதல்வர் அந்தோணிமுத்துவுக்குப் போன் பறந்தது. ஞாயிறு காலை பூதக்கண்ணாடியோடு அவரே வந்து இறங்கினார். நான்கு கைக்குட்டைகளையும் நூல் நூலாக ஆராய்ந்தார்.

"அசத்திட்டீங்க செம்பியன். நீங்க போன்ல சொன்னவுடனே வீட்ல இருந்த கரண்ட் அடுப்பைத் தூக்கிக் குடுத்துட்டேன். என் வீட்டுக்காரி சகாயம்மா விடியற்காலையிலேருந்து விறகு ஊதிக்கிட்டு இருக்கா. ஞாயித்துக்கெழம கோவில் பூசைக்குக்கூட வர மாட்டேன்னுட்டா. இருமறாளா திட்டறாளான்னு பிரிச்சுச் சொல்ல முடியல."

"பழகிடும் சார். விறகுதான் சுத்தம்னு நிரூபணமே ஆயிடுச்சே."

"அதேதான். 'விறகே தூய்மை'ன்னு பேனர் அடிக்கச் சொல்லிட்டேன். நாற்காலி உங்களுக்குத்தான்."

செம்பியனுக்குக் கண் கலங்கியது. வெண்மதிகூட முதல்முறையாகக் கணவனை மரியாதையாகப் பார்த்தாள்.

முதல்வர் குறிப்பேட்டைத் திறந்தார். "ஒரு சம்பிரதாயத்துக்குக் கேக்கறேன். இந்தத் துணியை யாரும் தொடலியே?"

"யாரும் தொடல சார்."

பாத்திரக் கூடையோடு கொல்லைக்கு வந்த பூவாயி குறுக்கே புகுந்தாள்.

"ஏன் சார் அப்படிச் சொல்றீங்க? கரி புடிச்ச மூணையும் தெனம் சோப்புப் போட்டுத் தொவச்சு, காயவச்சு, அங்கியேதான கட்டிட்டுப் போறேன். அந்தக் கரண்ட் அடுப்புத் துணி மட்டும் அழுக்கே ஆவல, சும்மா தொங்குதேன்னு தெனம் எடுத்துச் சட்டி தொடச்சுட்டு மாட்டிடறேன்."